அழையா விருந்தினர்: நம் இல்லங்களிற் காணும் சிலந்திகளும் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும்

முன்னுரை

அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், சிலந்தியைக் கண்டு ஒருமுறையேனும் அலறாத குடும்பம் இருத்தல் அரிது. ஊரிலும் நம் வீடுகளிற் சிலந்திகள் வாழ்ந்தன. தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்யும்போது கூரை மூலைகளில் ஒட்டறை தட்டுவது நம்மவர் வழக்கம். ஆயினும் அங்கே சிலந்தியை எண்ணி எவரும் உறக்கம் இழந்ததில்லை. இங்கு வந்திறங்கிய சில நாள்களிலேயே, “இந்த நாட்டுச் சிலந்தி கடித்தால் உயிர் போய்விடும்” என்ற எச்சரிக்கை நம் செவிகளில் விழுந்துவிடுகின்றது. அன்றிலிருந்து எட்டுக் கால்கள் கொண்ட எதுவும் நமக்குப் பகையாகிவிடுகின்றது. ஒரு கையில் செருப்பும் மறு கையில் பூச்சிமருந்துப் போத்தலுமாகப் போருக்குப் புறப்பட்டுவிடுகின்றோம்.

இவ்வச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டு சனவரி மாதத் தொடக்கத்தில், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரை அடுத்த வன்னரூப் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து, “ஏன் சாகமாட்டாய்?” என்ற பொருள்படும் கூச்சல் மீண்டும் மீண்டும் எழுந்தது. குழந்தையின் அழுகுரலும் கேட்டது. வழியே சென்ற ஒருவர் பதறிப்போய்க் காவற்றுறையினரை அழைத்தார். விரைந்து வந்த காவலர் கண்டது, ஒரு சிலந்தியைக் கொல்ல முயன்றுகொண்டிருந்த ஒரு மனிதரைத்தான். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த அழுத குழந்தையை நாம் மறந்துவிடலாகாது. குழந்தை சிலந்திக்கு அஞ்சக் கற்பது பெரும்பாலும் பெரியோரின் அலறலிலிருந்தேயாகும்.

நம் தமிழ்ப் பாடசாலையிற் பயிலும் மாணவர்க்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. திருக்குறளின் 33ஆவது அதிகாரம் ‘கொல்லாமை’ என்பது. அதன் பத்துக் குறள்களையும் மனனஞ் செய்து போட்டியிற் பரிசு பெற்ற சிறுமி, அன்று மாலை வீட்டிலே சுவரில் இருந்த சிலந்தி நசுக்கப்படுவதைக் காண்கின்றாள். “அம்மா, இது பாவமில்லையா?” என்று அவள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? “அது கடித்துவிடும்” என்போம். அது உண்மையிற் கடிக்குமா, கடித்தால் என்ன ஆகும், அது எந்தச் சிலந்தி என்பனவற்றை நாம் ஆராய்ந்ததில்லை. அறியாமையிலிருந்து அச்சமும் அச்சத்திலிருந்து கொலையும் பிறக்கின்றன. ஆகவே, இரக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அறிவைப் பற்றிப் பேசுதல் வேண்டும். எதனை அஞ்ச வேண்டும், எதனை அஞ்ச வேண்டியதில்லை என்று தெரிந்தவனே உயிர்களிடத்து அன்பாகவும் இருக்கலாம். தன் பிள்ளைகளையும் காக்கலாம். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

சிலந்தி என்பது யாது?

சிலந்தியை எட்டுக்காற் பூச்சி என்று நம்மவர் கூறுவதுண்டு. அறிவியல் நோக்கில் அது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்கள். உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக அமைந்திருக்கும். சிலந்திக்கு எட்டுக் கால்கள். தலையும் மார்பும் ஒன்றிணைந்த முற்பகுதி, வயிறு என இரு பகுதிகளே உண்டு. அதற்குச் சிறகும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. தேளும் உண்ணியும் அதன் உறவினங்கள். உலகெங்கும் அறிஞர்கள் பெயரிட்டுப் பதிவு செய்துள்ள சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐத் தாண்டியது. இவற்றுள் மனித உயிருக்கு ஊறு விளைவிக்கவல்லவை மிகச் சிலவே.

சிலந்தியின் கால்கள் இயங்கும் முறை வியப்புக்குரியது. காலை மடக்குவதற்கு அதற்குத் தசை உண்டு. ஆனால் நீட்டுவதற்கு முதன்மையான மூட்டுகளில் தசை இல்லை. உடலிலுள்ள குருதிநீரைக் காலுக்குள் அழுத்தத்துடன் செலுத்தியே அதனை நீட்டுகின்றது. உயிர் பிரிந்ததும் அவ்வழுத்தம் நின்றுவிடுகின்றது. அதனாலேயே இறந்த சிலந்தியின் எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டு கிடக்கின்றன.

பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் இருப்பினும், பலவற்றின் பார்வை மங்கலானது. தரையிலும் சுவரிலும் வலையிலும் உண்டாகும் அதிர்வுகளைக் கொண்டே அவை உலகை அறிகின்றன. நாம் குதித்துக் கூச்சலிடும்போது சிலந்தி அங்குமிங்கும் விரைந்தோடுகின்றது. அது நம்மை நோக்கிப் பாய்வதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் அது ஓடுவது ஓர் இருண்ட ஒதுக்கிடத்தைத் தேடியே. மனிதன் அதற்கு இரையல்லன். தப்பிச்செல்ல வேண்டிய ஒரு பெரும் பொருள் மட்டுமே.

ஒட்டறையா, பந்தலா?

சிலந்தியைச் சிலம்பி என்றும் தமிழ் வழங்கும். நம் பிள்ளைகள் அறிந்த சிலந்திக் கதை ஒன்று உண்டு. சோழநாட்டிலே திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள திருவானைக்காவின் தலக்கதை அது. சேக்கிழாரின் பெரியபுராணத்திலும் இடம்பெற்றது. மரத்தின் கீழிருந்த சிவலிங்கத்தின்மேல் சருகுகள் உதிர்ந்து விழக்கண்ட சிலந்தி, மேலே வலை பின்னிப் பந்தலிட்டது. நாள்தோறும் துதிக்கையில் நீர் கொணர்ந்து வழிபட்ட யானையோ, அதனைத் தூய்மையற்ற ஒட்டறை என்று கருதி அறுத்தெறிந்தது. சினங்கொண்ட சிலந்தி துதிக்கையினுட் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அறைந்தது. இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பர். அறுபத்துமூன்று நாயன்மாருள் அவரும் ஒருவர்.

சமய நம்பிக்கை எதுவாயினும், இக்கதை எல்லோர்க்கும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. யானையும் தீயதன்று, சிலந்தியும் தீயதன்று. ஒன்று பந்தலென்று கட்டியதை மற்றது அழுக்கென்று கண்டது. ஒன்றையொன்று அறியாமையே இரண்டின் அழிவுக்கும் காரணமாயிற்று. நம் வரவேற்பறையில் நாள்தோறும் நிகழ்வதும் இதுவன்றோ?

தீங்கற்ற விருந்தினர்

இந்நாட்டு வீடுகளில் நாம் அடிக்கடி காணும் சிலந்திகளைப் பெயர் சொல்லி அறிந்துகொள்வோம். பெயர் தெரிந்த ஒன்றை அளவுக்கு மீறி அஞ்சுதல் கடினம்.

முதலாவது, ‘ஹன்ட்ஸ்மன்’ எனப்படும் வேட்டைச் சிலந்தி. நம்மவரை மிகுதியாக அலறவைப்பது இதுவே. பழுப்பு அல்லது சாம்பல் நிறம், தட்டையான உடல், நண்டைப்போல் இருமருங்கும் விரிந்த கால்கள். சில இனங்களில் விரித்த கால்களின் அகலம் 15 செ.மீ. வரை இருக்கும். இது இரைபிடிக்க வலை பின்னுவதில்லை. பகலில் மரப்பட்டையின் கீழே தங்கியிருந்து, இரவில் கரப்பான் முதலிய பூச்சிகளை ஓடிப் பிடித்து உண்ணும். மரப்பட்டையின் இடுக்கிலே நுழைவதற்கென்றே அமைந்த தட்டையான உடலாதலால், கதவின் கீழுள்ள சிறு இடைவெளியும் அதற்குப் பெருவாயில் ஆகிவிடுகின்றது. பிடித்து அழுத்தினாற் கடிக்கக்கூடும், சிறிது நேரம் வலிக்கும், உயிருக்குத் தீங்கில்லை. முட்டைப்பையைக் காத்துநிற்கும் தாய்ச் சிலந்தியை மட்டும் சீண்டாதிருத்தல் நன்று.

இரண்டாவது, நெடுங்காற் சிலந்தி. கூரை மூலையில் மெல்லிய ஒழுங்கற்ற வலையில் தலைகீழாகத் தொங்கும். மயிரிழை போன்ற நீண்ட கால்களும் சிறிய உடலும் கொண்டது. ‘உலகிலேயே கொடிய நஞ்சு இதற்குத்தான் உண்டு, பற்கள் குட்டையாதலால் நம்மைக் கடிக்க இயலாது’ என்று பாடசாலைப் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கூறிக்கொள்வர். இது வெறுங்கதை. இதனால் மனிதர்க்குத் தீங்கில்லை. தன் நீண்ட கால்களால் இழைகளை வீசிச் செம்முதுகுச் சிலந்தியையுங்கூடப் பிடித்து உண்ணும் ஆற்றல் இதற்கு உண்டு.

மூன்றாவது, கறுப்பு வீட்டுச் சிலந்தி. சாளர மூலைகளில் வெண்ணிறச் சரிகை போன்ற வலையைப் பின்னி, அதன் நடுவேயுள்ள குழாய்வடிவ ஒதுக்கிடத்திற் காலங்கழிக்கும். மனிதரைக் கண்டால் உள்ளே ஒளிந்துகொள்ளும். கடித்தால் வலியும் வீக்கமும் உண்டாகலாம். ஆனால் கடிப்பது அரிது.

நான்காவது, தோட்டத்துச் சக்கரவலைச் சிலந்தி. கோடை இரவுகளில் மரங்களுக்கிடையே பெரிய வட்ட வலையைக் கட்டும். விடியுமுன் பெரும்பாலும் அவ்வலையைத் தானே உண்டு அகற்றிவிட்டு, மறுநாள் இரவு புதிதாகக் கட்டும். குப்பை போடச் செல்லும் வேளையில் நம் முகத்தில் வலையாக ஒட்டிக்கொள்வது இதன் உழைப்பே. இதனாலும் தீங்கில்லை.

ஐந்தாவது, வெண்வாற் சிலந்தி. கருஞ்சாம்பல் நிறத்தில் நீண்ட உடலும் நுனியில் வெண்புள்ளியும் கொண்டது. இது கடித்தாற் சதை அழுகிவிடும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. கடித்த சிலந்தி இதுதான் என்று உறுதி செய்யப்பட்ட 130 பேரை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவருக்கேனும் சதை அழுகும் புண் ஏற்படவில்லை. வலியும் சிவத்தலும் அரிப்புமே உண்டாயின. எனினும் இது இரவில் அலைந்து திரிவதால், படுக்கைத் துணியிலும் நிலத்திற் கிடக்கும் உடைகளிலும் நுழைதல் கூடும். அவற்றை உதறிப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

அஞ்சத்தக்க இருவர்

இனி, பிள்ளைகளே, இப்பகுதியை இருமுறை படியுங்கள். எவ்வுயிரையும் நேசிக்கலாம், ஆனால் எவ்வுயிரையும் கையால் தொடலாம் என்பது அதன் பொருளன்று.

முதலாமது, ‘றெட்பாக்’ எனப்படும் செம்முதுகுச் சிலந்தி. இந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உண்டு. பெண் சிலந்தியின் உடல் ஏறத்தாழ 1 செ.மீ. நீளமுடையது, பட்டாணிக் கடலை போல் உருண்ட கரிய வயிற்றின்மேற் சிவப்புக் கோடு இருக்கும். ஆண் மிகச் சிறியது. நம் கண்ணிற் படுவதே அரிது. உலர்ந்த, மறைவான இடங்களை நாடும். தபாற்பெட்டி, பூந்தொட்டி, வெளியே கிடக்கும் கதிரையின் அடிப்பக்கம், நெடுநாள் பயன்படுத்தாத மூன்றுசில்லு வண்டி ஆகியன அதற்கு உகந்த இடங்கள். வலை ஒழுங்கின்றிச் சிக்கலாக இருக்கும். அது தானாக வந்து கடிப்பதில்லை. அது இருக்குமிடத்திற் கை வைப்பவரே கடிபடுகின்றனர். கடித்தால் வலி மெல்ல மெல்லப் பெருகும். வியர்வை, குமட்டல் முதலியனவும் தோன்றலாம். இதற்கு மாற்றுமருந்து 1956ஆம் ஆண்டு முதல் உண்டு.

இரண்டாமது, ‘பனல்வெப்’ எனப்படும் புனல்வலைச் சிலந்தி. இதன் மிகக் கொடிய வகை, சிட்னி நகரைச் சூழ்ந்து ஏறத்தாழ 160 கி.மீ. எல்லைக்குள் வாழ்கின்றது. ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இது, உண்மையில் மூன்று இனங்கள் என 2025இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதன் உறவினங்கள் நாட்டின் கிழக்குப் பகுதிகளிற் பல இடங்களில் உண்டு. முற்பகுதி மெருகூட்டியது போல் மயிரின்றிப் பளபளக்கும், நிறம் கறுப்பு அல்லது கரும்பழுப்பு, உடல் தடித்தது. சீண்டினால் முன்கால்களை உயர்த்தி எதிர்த்து நிற்கும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணிலே வளையமைத்து வாழும். கோடையிலும் அதனையடுத்த மாதங்களிலும், குறிப்பாக மழைக்குப் பின்னர், ஆண் சிலந்திகள் துணைதேடி அலையும்போது வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன. ஆணின் நஞ்சே கொடியது. நீச்சல் தடாகத்தில் விழுந்தது இறந்ததுபோற் கிடந்தாலும், ஒரு நாள் கழித்துங்கூட உயிருடன் இருக்கக்கூடும். ஆதலால் அதனைக் கையால் எடுக்கலாகாது.

இச்சிலந்தியால் 13 பேர் இறந்ததாகப் பதிவுகள் உள்ளன. அவை யாவும் 1981ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை. அவ்வாண்டில், மெல்பேணிலுள்ள பொதுநலவாய ஊநீர் ஆய்வுகூடத்தில் மருத்துவர் ஸ்ட்ருவன் சதர்லண்ட் என்பவர் தலைமையில் மாற்றுமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின்னர் இதன் கடியால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. அம்மருந்தின் வரலாறு நம் பாடத்துக்கு மிகவும் பொருந்துவது. சிலந்தியின் நஞ்சைச் சிறிது சிறிதாக முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்தே மருந்து செய்யப்படுகின்றது. மனிதனைக் கொல்லவல்ல அந்நஞ்சு முயலைப் பெரிதும் தாக்குவதில்லை. நஞ்சை எடுப்பதற்கு உயிருள்ள சிலந்திகள் வேண்டும். நியூ சவுத் வேல்சிலுள்ள அவுஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில் அவை பேணப்படுகின்றன. பொதுமக்களுள் வயதுவந்தோர், தம் வீட்டிற் கண்ட சிலந்தியைப் பாதுகாப்பாகப் போத்தலில் அடைத்து, அதற்கென ஏற்படுத்தப்பட்ட இடங்களில் ஒப்படைக்கின்றனர். நசுக்கப்பட்ட சிலந்தியால் எவருக்கும் பயனில்லை. உயிரோடு சேர்ப்பிக்கப்பட்ட சிலந்தி ஒரு குழந்தையின் உயிரைக் காக்கின்றது.

குவளையும் மட்டையும்

தீங்கற்ற சிலந்தி என்று பெரியவர் ஒருவர் உறுதி செய்தபின், அதனை வெளியேற்றும் முறை மிக எளிது. வேண்டியவை இரண்டே: வாயகன்ற, ஒளிபுகும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, பழைய நாட்காட்டியின் தடித்த மட்டை ஒன்று. வேட்டைச் சிலந்தியின் கால்கள் நீண்டவையாதலால் நீர் அருந்தும் குவளை போதாது. கால்கள் முழுவதும் அடங்கக்கூடிய பெட்டியே வேண்டும்.

முதலில், அறையிலுள்ள சிறுவரையும் செல்லப்பிராணிகளையும் அப்பால் அனுப்புக. நிலத்தை அதிரச்செய்யாது மெல்ல நடந்து சென்று, பெட்டியைச் சிலந்தியின் மேற் கவிழ்த்துச் சுவரோடு அழுத்திப் பிடிக்க. கால்கள் விளிம்பின் கீழ் நசுங்காதபடி பார்த்துக்கொள்க. பின்னர் ஒரு கணம் பொறுக்க. சிலந்தி அடங்கியதும், மட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே சிறிது சிறிதாக நுழைக்க. மட்டை வருவதை உணர்ந்து சிலந்தி தானே கால்களைத் தூக்கி ஏறிக்கொள்ளும். விரைவு காட்டினாற் கால் முறியும். முழுவதும் மூடியபின், மட்டையோடு சேர்த்துப் பெட்டியை வெளியே கொண்டுசெல்க.

எங்கே விடுவது என்பதும் சிந்திக்கற்பாலது. வேட்டைச் சிலந்தியை மரத்தின் அடியிலோ நிழலான வேலியோரத்திலோ விடுதல் நன்று. நடுப்பகலிற் சுடுகின்ற சீமெந்துத் தரையில் விட்டால் அது வாடிவிடும், மாலைநேரமே உகந்தது. நெடுங்காற் சிலந்தியோ கட்டடங்களை அண்டி வாழும் பழக்கமுடையது. அதனைத் தோட்டத்தில் விடுவதிலும் கராஜின் ஒரு மூலையில் விடுவதே பொருத்தம். அல்லது கூரை மூலையில் அப்படியே இருக்கவிட்டால், நுளம்பும் சிறு பூச்சிகளும் குறையும்.

குளியற் தொட்டியில் அகப்பட்ட சிலந்தி, வழுவழுப்பான பக்கங்களில் ஏற முடியாது தவிக்கும். நீரைத் திறந்து அதனை அடித்துச்செல்ல விடாது, ஒரு துவாயின் நுனியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அதன் வழியே ஏறிவிடும். கூரையில் எட்டாத உயரத்தில் இருக்குமாயின், ஏணியில் ஏறிப் பிடிக்க முயன்று விழுந்து காயப்படாதீர்கள். அது இறங்கும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

மோட்டார் வண்டிக்குள் வேட்டைச் சிலந்தி தோன்றுதலும் உண்டு. வெயில் மறைப்புப் பலகையின் பின்னே அது ஒதுங்கியிருக்கும். வண்டியோட்டும் பெற்றோர் இங்கே மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். சிலந்தியால் வரும் கேடு சிறிது. பதற்றத்திற் சுக்கானைத் திருப்புவதால் வரும் கேடு பெரிது. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கியபின்னரே அதனை வெளியேற்றுக.

வாராது காத்தல்

வந்தபின் வெளியேற்றுவதிலும், வாராது தடுப்பதே இருதரப்பினர்க்கும் நன்மை. கதவின் அடியிலுள்ள இடைவெளியை இறப்பர்ப் பட்டியால் அடைக்கலாம். சாளர வலையிற் கிழிசல் இருந்தாற் சீர்செய்யலாம். இரவில் வாயில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அதனை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். தேவையற்ற விளக்கை அணைத்தல் மின்கட்டணத்துக்கும் நன்று. சமையலறையை இரவிலே துப்புரவாக வைத்திருந்தாற் கரப்பான் குறையும். கரப்பான் குறைந்தால் வேட்டைச் சிலந்திக்கு அங்கே வேலையில்லை. விறகுக் குவியலையும் பழைய பெட்டிகளையும் சுவரோரத்தில் அடுக்கிவைத்தல் கூடாது.

பூச்சிமருந்து தெளிப்பது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. சிலந்தி உடனே சாவதில்லை. நெடுநேரம் துடித்தே சாகின்றது. மீன்தொட்டி உள்ள வீட்டிலே அம்மருந்து மீன்களையும் கொன்றுவிடும். மூடிய அறையிற் குழந்தைகள் அதனைச் சுவாசிப்பதும் நல்லதன்று.

இங்கே ஒரு கடினமான வினாவையும் நாம் மறைக்காது நோக்குதல் வேண்டும். குழந்தை ஏறி விளையாடும் வண்டியின் அடியிற் செம்முதுகுச் சிலந்தி குடியேறியிருந்தால் என்ன செய்வது? தடித்த கையுறை அணிந்த பெரியவர் ஒருவர், நீண்ட குச்சியால் அதனைப் போத்தலுக்குள் தள்ளி, பிள்ளைகள் செல்லாத தொலைவில் விடலாம். வலையை விட்டகன்றால் அது விரைந்து ஓடமாட்டாது. அவ்வாறு செய்ய இயலாத நிலையில், குழந்தையின் பாதுகாப்பே முதன்மையானது. கொல்ல நேரிட்டால் ஒரே அடியில் விரைவாகக் கொல்லுதல், மருந்தடித்துத் துடிக்கவிடுவதிலும் இரக்கமான செயலாகும். எனினும், வாரந்தோறும் விளையாட்டுப் பொருள்களைக் கவிழ்த்துப் பார்த்துத் தூசு தட்டிவைக்கும் வீட்டிலே சிலந்தி குடியேறுவது அரிது. கொல்லாமை என்னும் அறம் பல வேளைகளில் ஒரு தும்புத்தடியிலும் சிறிது முன்னெச்சரிக்கையிலும் அடங்கிவிடுகின்றது.

கடித்துவிட்டால்

பளபளப்பான பெரிய கறுப்புச் சிலந்தி எது கடித்தாலும், அதனைப் புனல்வலைச் சிலந்தி என்றே கருதிச் செயற்படுக. உடனே 000 என்னும் இலக்கத்தை அழைக்க. கடிபட்டவரை நடக்கவிடாது அசையாமல் இருத்துக. கடிவாயின் மேல் அகன்ற, இழுபடும் துணிக்கட்டை இறுகச் சுற்றி, பின்னர் கை அல்லது கால் முழுவதையும் விரல் நுனிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுக. அசையாதவாறு ஒரு தடியையும் வைத்துக் கட்டுக. கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் ஆகா.

செம்முதுகுச் சிலந்தி கடித்தால் இறுகக் கட்டுதல் கூடாது. கட்டினால் வலி மிகும். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி ஒத்தடம் கொடுத்து வைத்தியரை நாடுக. ஐயம் எழும்போது, 13 11 26 என்னும் நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கத்தை நாட்டின் எப்பகுதியிலிருந்தும் இரவும் பகலும் அழைக்கலாம். இவ்விரு இலக்கங்களையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே எழுதி ஒட்டிவையுங்கள். ஆங்கிலம் அறியாத பாட்டன் பாட்டியர் வீட்டில் இருப்பின், அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இவை யாவற்றினும் எளிய காவல் ஒன்றுண்டு. வெளியே வைத்த சப்பாத்தை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுக. உடைகளை இரவில் நிலத்திற் போடாதிருக்க. தோட்டத்தில் வேலை செய்யும்போது கையுறை அணிக.

முடிவுரை

நாம் இந்நாட்டுக்கு வந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன. சிலந்திகளோ இம்மண்ணிற் பல கோடி ஆண்டுகளாக வாழ்பவை. நாம் வீடென்று வேலியிட்ட நிலம், அவற்றுக்கு மரமும் பட்டையும் நிறைந்த காடாக இருந்தது. ஆகவே யார் அழையா விருந்தினர் என்பதே ஆராய்தற்குரியது.

பெற்றோர்களே, சிலந்தியைக் கண்டதும் “அடி, அடி” என்று கூவுவதை விடுத்து, “பொறு, இது எது என்று பார்ப்போம்” என்று சொல்லிப் பழகுவோம். அவ்வொரு சொல்லிலே பிள்ளைக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கொடியதாயின் விலகிநிற்கக் கற்கின்றான். எளியதாயின் இரங்கக் கற்கின்றான். வகுப்பறையில் மனனஞ் செய்த கொல்லாமை அதிகாரம், ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் நாட்காட்டி மட்டையும் கொண்டு மரத்தடிக்கு நடக்கும் அச்சிறு நடையிலே அவனுக்கு விளங்கிவிடும்.

அருஞ்சொற்பொருள்

சிலம்பி – சிலந்தி
ஒட்டறை – தூசு படிந்த சிலந்தி வலை
சரிகை – பொன் அல்லது வெள்ளி இழையால் நெய்த துணி ஓரம்
உணர்கொம்பு – பூச்சியின் தலையிலுள்ள உணரும் உறுப்பு
மாற்றுமருந்து – நஞ்சின் வலியை முறிக்கும் மருந்து
சுக்கான் – வண்டியைத் திருப்பும் சக்கரம்

பயிற்சி வினாக்கள்

1. சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று என்பதற்கு இரு காரணங்கள் தருக.
2. இறந்த சிலந்தியின் கால்கள் சுருண்டிருப்பது ஏன்?
3. திருவானைக்காக் கதையில் யானையும் சிலந்தியும் வலையை எவ்வெவ்வாறு கருதின? அதனால் நாம் அறிவது யாது?
4. புனல்வலைச் சிலந்தி கடித்தாற் செய்யவேண்டியதற்கும் செம்முதுகுச் சிலந்தி கடித்தாற் செய்யவேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
5. உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வேட்டைச் சிலந்தி இருப்பதாக எண்ணிக்கொள்க. அதனை வெளியேற்றும் முறையை உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ விளக்குவது போற் பத்து வாக்கியங்களில் எழுதுக.